சங்கிலி செல்லாத இடத்துக்கும் தூரம் சொல்லும் கணிதம்

ஒரு முக்கோணத்துக்கு மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களுமாக ஆறு அளவுகள் உண்டு. இந்த ஆறில் தக்க மூன்றை அறிந்தால் எஞ்சிய மூன்றையும் கணக்கிட்டுவிடலாம் என்பதும், அந்த மூன்றில் ஒன்றாவது ஒரு பக்கத்தின் நீளமாக இருந்தே தீர வேண்டும் என்பதும் முக்கோணவியல் எனப்படும் கணிதப் பிரிவின் அடிப்படை உண்மைகள். கோணங்களை மட்டும் அறிந்தால் முக்கோணத்தின் உருவம் தெரியுமே தவிர அதன் பருமன் தெரியாது. உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டைத் துண்டும், மூன்று ஊர்களை இணைத்து வரையப்படும் முக்கோணமும் அதே மூன்று கோணங்களைக் கொண்டிருக்கக்கூடும். ஒரே ஒரு நீளம் தெரிந்துவிட்டால் அந்த ஐயம் தீர்ந்து, முக்கோணம் முழுவதும் ஒரு நிலையில் நின்றுவிடுகிறது.

முக்கோணத்துக்கு மட்டுமே உரிய இந்த உறுதி மற்ற உருவங்களுக்கு இல்லை. நான்கு மரச்சட்டங்களை முனைகளில் ஆணியடித்து நாற்கரம் ஒன்றைச் செய்தால், அது ஓரத்தில் அழுத்தியதும் சாய்ந்து வேறோர் உருவம் கொள்ளும். சட்டங்களின் நீளம் மாறாதபோதும் கோணங்கள் மாறிவிடும். எதிரெதிர் மூலைகளை இணைத்து ஐந்தாவது சட்டம் ஒன்றை அடித்ததும் அந்த ஆட்டம் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டு நில ஆவணங்களில் ஒன்றான புலப்படத்தில் வயலின் எல்லைக் கோடுகளுக்கு மட்டுமன்றி, உள்ளே குறுக்காகச் செல்லும் மூலைவிட்டங்களுக்கும் நீளம் எழுதப்பட்டிருப்பதன் காரணம் இதுதான். நான்கு வரப்புகளின் நீளம் மட்டும் ஒரு வயலின் பரப்பைச் சொல்லாது; மூலைவிட்டத்தால் அது இரண்டு முக்கோணங்களாகப் பிரிந்த பிறகே அந்தப் பரப்பு மறுக்க முடியாததாகிறது.

பள்ளியில் மாணவர்கள் முதலில் சந்திப்பது செங்கோண முக்கோணத்தை, அதாவது ஒரு கோணம் சரியாக 90 பாகையாக அமைந்த முக்கோணத்தை. அதற்குப் பிதாகரஸ் தேற்றமும் எளிய விகிதங்களும் போதும். ஆனால் ஒரு மலையுச்சியையும் ஒரு கோயில் கோபுரத்தையும் ஒரு கலங்கரை விளக்கத்தையும் கோடுகளால் இணைத்தால், அங்கே செங்கோணம் அமைவது அரிதிலும் அரிது. செங்கோணம் என்பது சுவரும் தரையும்போல மனிதர் வேண்டுமென்றே அமைப்பது. தானாக அமையும் முக்கோணங்களுக்கு வழிகாட்டுபவை சைன் விதியும் கொசைன் விதியும். பாடநூலின் பயிற்சிக் கணக்குகளோடு இவை நின்றுவிடாமல் இந்திய நிலப்பரப்பின் நீள அகலங்களையே கண்டறியப் பயன்பட்டன என்பதும், அந்த வேலை தொடங்கியது சென்னையின் பரங்கிமலை அருகில் என்பதும் தமிழ் வாசகர் அறிந்திருக்க வேண்டிய செய்திகள்.

விதிகளுக்கு முன்னால் சைன், கொசைன் என்னும் சொற்களுக்குப் பொருள் காண வேண்டும். தரையில் ஒரு முனை பதிந்திருக்க, மறுமுனையைத் தூக்கியபடி மெல்ல மேலெழும் ஒரு மீட்டர் நீளக் கோலை மனத்தில் கொள்ளலாம். கோலின் உச்சி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரம், கோலுக்கும் தரைக்கும் இடையிலுள்ள கோணத்தின் சைன். உச்சிக்கு நேர் கீழே தரையில் விழும் புள்ளி, கோலின் அடியிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அந்தத் தொலைவு அதே கோணத்தின் கொசைன். நண்பகல் வெயில் நேர் மேலிருந்து விழும்போது அந்தக் கோலுக்கு உண்டாகும் நிழலின் நீளமே கொசைன் என்றும் சொல்லலாம். கோல் படுத்திருக்கையில் உயரம் சுழி, நிழல் முழு நீளம். 30 பாகையில் உயரம் சரிபாதியான 0.5, செங்குத்தாக நிற்கையில் உயரம் 1, நிழல் சுழி. கோல் செங்குத்து நிலையையும் கடந்து மறுபுறம் சாயத் தொடங்கினால் உயரம் மறுபடியும் குறைகிறது. நிழலோ எதிர்ப்புறம் விழுகிறது, ஆகவே அதற்குக் குறை எண் இடப்படுகிறது. 60 பாகையில் நிற்கும் கோலும் 120 பாகையில் நிற்கும் கோலும் ஒரே உயரத்தில் இருப்பதால் அவற்றின் சைன் ஒன்றே. ஆனால் கொசைன் ஒன்றுக்கு 0.5, மற்றதற்கு குறை 0.5. கோல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை உயரம் சொல்லாது, நிழல் சொல்லும். இரண்டு விதிகளின் வலிமையும் வலுவின்மையும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

சைன் என்னும் சொல்லின் பயணமும் இங்கே கருதத்தக்கது. 499ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஆரியபட்டீயத்தில், கால்வட்டத்தை 24 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இந்த அளவைக் கணக்கிட வழி தரப்பட்டுள்ளது. அங்கே அதன் பெயர் வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா என்பது. வட்டத்தின் வளைவு வில், அதன் இரு முனைகளை இணைக்கும் கோடு நாண், அந்த நாணில் பாதியே இன்றைய சைன். இச்சொல் ஜீவா என்றும் வழங்கி, அரபு நூல்களில் ஒலிபெயர்க்கப்பட்டு உயிர்க்குறியின்றி எழுதப்பட்டபோது, அதே எழுத்துகள் மடிப்பு, வளைவு என்னும் பொருளுடைய ஜைப் என்னும் அரபுச் சொல்லாகப் படிக்கப்பட்டன. 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனுக்குச் சென்றபோது அப்பொருளுக்கு இணையான சைனஸ் ஆயிற்று. தமிழ்ப் பாடநூல்களில் வட்டத்தின் இரு புள்ளிகளை இணைக்கும் கோட்டுக்கு நாண் என்னும் பெயர் இன்றும் வழங்குவதால், பழைய உருவகம் தமிழில் உயிரோடிருக்கிறது எனலாம்.

சைன் விதி சொல்வது இதுதான்: எந்த முக்கோணத்திலும், ஒரு பக்கத்தின் நீளத்தை அதற்கு எதிரேயுள்ள கோணத்தின் சைனால் வகுத்தால் கிடைக்கும் எண், மூன்று பக்கங்களுக்கும் ஒன்றாகவே இருக்கும். பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் அமையும் என்பதை எவரும் கண்ணால் கண்டு சொல்லலாம். எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லுமிடத்தில்தான் விதி தேவைப்படுகிறது. அதன் நிறுவல் மிகச் சிறியது. முக்கோணத்தின் உச்சிகளை அ, ஆ, இ என்று கொண்டு, இ என்னும் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குச் செங்குத்தாக ஒரு கோடு, அதாவது குத்துயரம், இறக்கினால் முக்கோணம் இரண்டு செங்கோண முக்கோணங்களாகப் பிரிகிறது. ஒருபுறமிருந்து பார்த்தால் அந்தக் குத்துயரம் அஇ என்னும் பக்கத்தை அ கோணத்தின் சைனால் பெருக்கியது. மறுபுறமிருந்து பார்த்தால் ஆஇ என்னும் பக்கத்தை ஆ கோணத்தின் சைனால் பெருக்கியது. ஒரே உயரத்துக்கு இரண்டு விலாசங்கள் கிடைத்திருப்பதால் அவற்றைச் சமன் செய்ததும் விதி கிடைத்துவிடுகிறது. மூன்று பக்கங்களுக்கும் பொதுவான அந்த எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்விக்கு அழகான விடை உண்டு: முக்கோணத்தின் மூன்று உச்சிகளையும் தொட்டுச் செல்லும் சுற்றுவட்டத்தின் விட்டமே அது. ஒவ்வொரு முக்கோணமும் தன்னைச் சூழ்ந்த வட்டத்தின் அளவைத் தன் கோணங்களுக்குள் பொதிந்து வைத்திருக்கிறது என்பது கணிதத்தில் எளிதில் மறக்க முடியாத உண்மைகளில் ஒன்று.

இதன் பயன் நில அளவையில் முழுமையாக வெளிப்பட்டது. தொலைவைச் சங்கிலி பிடித்து அளப்பது கடினம். ஆறு, காடு, பள்ளம் எல்லாம் குறுக்கே வரும். கோணத்தை அளக்கவோ நின்ற இடத்திலிருந்து பார்த்தால் போதும். ஆகவே ஒரே ஒரு நேர்கோட்டை மட்டும் மிக நுட்பமாக அளந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள மூன்றாம் புள்ளியைப் பார்த்துக் கோணங்களை எடுத்தால், சைன் விதி மற்ற இரண்டு பக்கங்களையும் தந்துவிடும்; அந்தப் பக்கங்களில் ஒன்றை அடுத்த முக்கோணத்தின் அடியாகக் கொண்டு மேலும் செல்லலாம். முதல் கோட்டுக்கு அடிக்கோடு என்றும், இவ்வாறு முக்கோணங்களைத் தொடுத்துச் செல்லும் முறைக்கு முக்கோண அளவீடு என்றும் பெயர். இந்த எண்ணத்தை 1533இல் ஜெம்மா ஃபிரிசியஸ் எழுதினார். டச்சு அறிஞர் ஸ்நெல் இம்முறையால் நெதர்லாந்தில் புவியின் அளவைக் கணக்கிட முயன்று 1617இல் முடிவை வெளியிட்டார்.

ஸ்ரீரங்கப்பட்டணம் 1799இல் வீழ்ந்து மைசூர் நாடு ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்த பின், வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, சோழமண்டலக் கரையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை தீபகற்பத்தைக் குறுக்காக முக்கோணங்களால் அளக்கும் திட்டத்தை முன்வைத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே அடிக்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. தெற்கே ஏறத்தாழ ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம் கொண்ட அந்தக் கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்ததால், சங்கிலியை ஏறத்தாழ 400 முறை கிடத்த வேண்டியிருந்தது. வெறும் தரையில் அல்ல. மரப்பெட்டிகளுக்குள் நேராகக் கிடத்தி, எடை தொங்கவிட்டு ஒரே இழுவிசையில் நிறுத்தி, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்து அளந்தனர். அந்தக் கவனம் வீணான சடங்கு அன்று. எஃகு வெப்பத்தில் நீள்கிறது. ஒரு பாகை செல்சியசு வெப்பம் கூடினால் 12 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் பிழை வரும், சென்னைக் கோடையில் காலைக்கும் பிற்பகலுக்கும் பத்துப் பாகை வேறுபட்டால் பிழை ஒன்றரை மீட்டரை நெருங்கிவிடும். இந்த ஒரு கோட்டில் நேரும் பிழை அடுத்து வரும் எல்லா முக்கோணங்களுக்கும் அதே விகிதத்தில் தொற்றிக்கொள்ளும் என்பதால், தீபகற்பத்தின் அகலம் முழுவதும் அந்த 400 கிடத்தல்களையே நம்பியிருந்தது.

கணக்கு எப்படி நகர்கிறது என்பதை எளிய எண்களால் காணலாம். அடிக்கோடு சரியாக 12 கிலோமீட்டர் என்றும், அதன் ஒரு முனையில் நின்று தொலைவிலுள்ள குன்றைப் பார்க்கையில் கோட்டுக்கும் பார்வைக்கும் இடையே 68 பாகை, மறுமுனையில் 54 பாகை என்றும் கொள்வோம். மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை ஆதலால் குன்றின் உச்சியில் அமையும் கோணம் 58 பாகை. அதன் சைன் 0.848, 12ஐ அதனால் வகுத்தால் 14.15. இந்த எண்ணை 68 பாகையின் சைனான 0.927ஆல் பெருக்கினால் ஒரு பக்கம் 13.12 கிலோமீட்டர்; 54 பாகையின் சைனான 0.809ஆல் பெருக்கினால் மற்றொரு பக்கம் 11.45 கிலோமீட்டர். குன்றின்மீது ஒருவரும் சங்கிலி பிடிக்கவில்லை, இடையிலுள்ள ஏரியை ஒருவரும் கடக்கவில்லை. எனினும் இரண்டு தொலைவுகள் கிடைத்துவிட்டன.

எந்த முக்கோணமும் இதற்கு உதவும் என்று நினைத்தால் அது தவறு. குன்றிலுள்ள கோணம் 60 பாகையாக இருக்கையில் அதை அளப்பதில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான ஒரு கலை பிழைத்தால், 12 கிலோமீட்டர் அளவுள்ள பக்கத்தில் வரும் பிழை ஏறத்தாழ 2 மீட்டர். அதே கோணம் வெறும் 5 பாகையாக, முக்கோணம் ஊசிபோல் மெலிந்திருந்தால், அதே ஒரு கலைப் பிழை ஏறத்தாழ 40 மீட்டராகப் பெருகும். சிறிய கோணத்தில் சைன் வேகமாக மாறுவதே காரணம். அதனால்தான் அளவையாளர்கள் மூன்று கோணங்களும் ஏறத்தாழச் சமமாக அமையும் கொழுத்த முக்கோணங்களைத் தேடி, குன்றுகளைக் குறிவைத்து அலைந்தனர். மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில்களின் உயரத்தை நாடினர். கோணங்களை அளக்கும் தியோடலைட் என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடை கொண்டது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மொரீஷியசு சென்று, பின்னர் அவர்களாலேயே சென்னைக்கு அனுப்பப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. கோணங்கள் பொறித்த பெரிய வட்டம் உருக்குலைந்தது; லாம்டன் தம் கூடாரத்தில் பல வாரங்கள் அமர்ந்து அதைச் சிறிது சிறிதாகத் தட்டி நேராக்கினார். அந்தக் கருவியைத் தோளிலும் கயிற்றிலும் சுமந்த, கொடி பிடித்த, சங்கிலி இழுத்த இந்தியத் தொழிலாளரின் உழைப்பு அளவைக் குறிப்புகளில் பெயரில்லாமல் கலந்து கிடக்கிறது, வரைபடம் அவர்களுடையதும்தான்.

சைன் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பக்கமும் அதற்கு நேர் எதிரேயுள்ள கோணமும் இணையாகத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையிலுள்ள கோணமும் மட்டும் தெரிந்தால், அல்லது கோணமே தெரியாமல் மூன்று பக்கங்களும் தெரிந்தால், அப்படிப்பட்ட இணை ஒன்றுகூட இராது. பூட்டு இருந்தும் சாவி இல்லாத நிலை அது. கொசைன் விதி வேண்டியிருப்பது அங்கேதான். ஒரு பக்கத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி, அதிலிருந்து அவ்விரு பக்கங்களின் பெருக்கலை இரட்டித்து இடையிலுள்ள கோணத்தின் கொசைனால் பெருக்கிய தொகையைக் கழித்தால் கிடைப்பதாகும். படிக்கையில் நீண்டு ஒலித்தாலும், இது பிதாகரஸ் தேற்றமும் அதற்கான ஒரு திருத்தமும் மட்டுமே.

கீல் போட்டு இணைத்த இரண்டு சட்டங்களை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். ஒன்று 5 அடி, மற்றது 8 அடி. முழுவதும் மூடி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்தால் முனைகளுக்கு இடையே 3 அடி. 60 பாகை திறந்தால், 25ஐயும் 64ஐயும் கூட்டிய 89இலிருந்து 80இன் பாதியான 40 கழிந்து 49 நிற்க, இடைவெளி சரியாக 7 அடி. 90 பாகையில் நிழல் சுழியாவதால் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை. 89இன் வர்க்கமூலமாகிய 9.43 அடி, இதுதான் பிதாகரஸ் தேற்றம். 120 பாகையில் கொசைன் குறை எண்ணாகிவிடுவதால் கழித்தல் கூட்டலாக மாறி 129 வர, இடைவெளி 11.36 அடி. முற்றிலும் விரித்தால் 13 அடி. செங்கோணத்துக்குக் குறைவாகத் திறந்தால் பிதாகரஸ் சொல்வதைவிடக் குறைவு, மிகுதியாகத் திறந்தால் மிகுதி. எவ்வளவு குறைவு, எவ்வளவு மிகுதி என்பதைத் திருத்தப் பகுதி சொல்கிறது. பிதாகரஸ் தேற்றம் இந்த விதியின் ஒரு தனி நிலையே என்பதைப் பள்ளிப் பாடம் இன்னும் அழுத்தமாகச் சொல்லலாம். தனித்தனித் தேற்றங்களாக மனப்பாடம் செய்யும் மாணவருக்கு இந்த உறவு தெரியாமலே போய்விடுகிறது.

இவ்விதியின் கருத்து மிகப் பழையது. கிறித்துவுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் முன் யூக்ளிட் தொகுத்த நூலின் இரண்டாம் பகுதியில் 12, 13ஆம் முடிவுகள், விரிகோண முக்கோணத்துக்கும் குறுங்கோண முக்கோணத்துக்கும் தனித்தனியாக இதையே சொல்கின்றன. கொசைன் என்ற எண்ணம் அன்று இல்லாததால் அவர் நிழலின் நீளத்தைக் கொண்டு செவ்வகமாக வரைந்து காட்டினார். 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சமர்கந்தில் பணியாற்றிய அல்-காஷி இதை முக்கோணங்களைத் தீர்க்கும் கணக்கு முறையாக எழுதியதால், பிரெஞ்சு மொழியில் இவ்விதி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. தள முக்கோணத்துக்கான சைன் விதியை 13ஆம் நூற்றாண்டில் நசீருத்தீன் தூசி வானியலிலிருந்து தனித்துப் பிரித்து, ஒழுங்காக விளக்கினார்.

கணிப்பான்கள் இல்லாத காலத்தில் கொசைன் விதியை அளவையாளரும் மாலுமிகளும் கூடியவரை தவிர்த்தனர் என்பது வியப்பாகத் தோன்றலாம். 1614இல் நேப்பியர் வெளியிட்ட மடக்கை அட்டவணைகள், பெருக்கலைக் கூட்டலாகவும் வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றி உழைப்பைப் பெரிதும் குறைத்தன. சைன் விதி முழுவதும் பெருக்கலும் வகுத்தலும் ஆகையால் அட்டவணையில் இயல்பாகப் பொருந்தியது. கொசைன் விதியின் நடுவே கூட்டலும் கழித்தலும் வருவதால் அங்கே மடக்கை உதவவில்லை. அதற்கு ஈடாகத் தான்ஜென்ட் விதியும் அரைக்கோணச் சூத்திரங்களும் பயன்பட்டன. கைக்கணிப்பான் வந்தபின் அந்தச் சங்கடம் மறைந்துவிட்டது. ஆனால் அதனோடு வேறொரு பிழை நுழைந்தது.

அந்தப் பிழை சைன் விதியின் கண் மறைவிலிருந்து வருவது. ஒரு நேரான வண்டிப்பாதையின் தொடக்கத்திலிருந்து 10 மீட்டர் தொலைவில், பாதைக்கு 30 பாகை சாய்வில் ஒரு முளை அடித்து அதில் ஒரு பசு கட்டப்பட்டிருப்பதாகக் கொள்வோம். முளையிலிருந்து பாதைக்கு மிகக் குறுகிய தொலைவு, 10ஐ 30 பாகையின் சைனால் பெருக்கிய 5 மீட்டர். கயிறு 4 மீட்டரானால் பசு பாதையைத் தொடவே முடியாது. முக்கோணமே அமையவில்லை என்று பொருள். 5 மீட்டரானால் ஒரே ஓர் இடத்தில் தொடும். 6 மீட்டரானால், கயிறு முழுவதும் இறுகிய நிலையில் பாதையின் இரண்டு இடங்களில், தொடக்கத்திலிருந்து 5.34 மீட்டரிலும் 11.98 மீட்டரிலும் அதனால் நிற்க முடியும். கயிறு 10 மீட்டரைத் தொட்டுவிட்டால் மறுபடியும் ஓர் இடம்தான், ஏனெனில் இன்னோர் இடம் பாதை தொடங்கும் புள்ளிக்கோ அதற்குப் பின்னாலோ போய்விடுகிறது. இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடையில் அமையாத ஒரு கோணமும் தரப்படும்போதெல்லாம் இந்த ஐயம் காத்திருக்கிறது. 6 மீட்டர் கயிற்றுக்குச் சைன் விதி தருவது 0.833 என்ற எண், அது 56.4 பாகையின் சைனும் ஆகும், 123.6 பாகையின் சைனும் ஆகும். கணிப்பானோ எப்போதும் சிறிய கோணத்தை மட்டும் காட்டும். இரண்டாவது விடையைத் தேடுவது கணக்குப் போடுபவரின் பொறுப்பு.

இன்னும் நுட்பமான ஓர் இடறல், பக்கங்கள் 3, 5, 7 என அமைந்த முக்கோணத்தில் தெரியும். அதன் மிகப் பெரிய கோணம் 120 பாகை. மற்றக் கோணங்களை முதலில் கண்டு, பெரிய கோணத்தைச் சைன் விதியால் தேடினால் கணிப்பான் 60 என்று காட்டும். மூன்றையும் கூட்டினால் 180க்குப் பதில் 120 பாகைதான் வரும். கொசைன் விதியைப் பயன்படுத்தினால் 9ஐயும் 25ஐயும் கூட்டி 49ஐக் கழித்து, வரும் குறை 15ஐ 30ஆல் வகுக்க, குறை 0.5 கிடைக்கிறது, குறை அடையாளமே கோணம் செங்கோணத்தைக் கடந்துவிட்டதென அறிவிக்கிறது. ஆகவே மூன்று பக்கங்கள் தெரிந்தால் மிகப் பெரிய பக்கத்துக்கு எதிரேயுள்ள கோணத்தைக் கொசைன் விதியால் முதலில் காண்பதே நல்ல பழக்கம். ஒரு முக்கோணத்தில் இரண்டு விரிகோணங்கள் இருக்க முடியாது. ஆதலால் பெரிய கோணம் தீர்ந்தபின் எஞ்சியவை குறுங்கோணங்களே, அவற்றைச் சைன் விதியிடம் அச்சமின்றி ஒப்படைக்கலாம்.

நில அளவையில் முக்கோணங்கள் பெரிதாகும்போது பூமியின் வளைவு குறுக்கிடுகிறது. பந்தின்மேல் வரையப்படும் முக்கோணத்தின் கோணங்கள் 180 பாகையைவிடச் சற்று மிகுந்திருக்கும். பூமியில் ஏறத்தாழ 197 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு விகலை, அதாவது ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கு என்ற அளவில் அந்த மிகுதி வளர்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1787இல், மிகுதியில் மூன்றில் ஒரு பங்கை ஒவ்வொரு கோணத்திலிருந்தும் கழித்துவிட்டு, பிறகு சாதாரணச் சைன் விதியையே பயன்படுத்தினால் போதுமான துல்லியம் கிடைக்கும் என்று காட்டினார். தட்டையான தாளுக்கென்று பிறந்த விதி, இந்தச் சிறு திருத்தத்தோடு உருண்டையான பூமியிலும் வேலை செய்தது.

லாம்டன் 1823இல் இறந்தபின் ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்த இந்த அளவீடு, குமரிமுனைப் பகுதியிலிருந்து இமயமலை அடிவாரம் வரை ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர் நீண்டது. பின்னர் எவரெஸ்டின் பெயரையே பெற்ற, வடக்குச் சமவெளியிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால் தெரிந்த ஒரு சிகரத்தை ஆறு இடங்களிலிருந்து நோக்கி எடுத்த கோணங்களைக் கொண்டு அதன் உயரம் 29,002 அடி எனக் கணக்கிடப்பட்டு, 1856இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்குகளில் தலைமைக் கணிப்பாளரான வங்காளத்து ராதாநாத் சிக்தாருக்குப் பெரும் பங்கு உண்டு. 2020இல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், பழைய எண்ணை மீட்டராக்கினால் வேறுபாடு ஏறத்தாழ 9 மீட்டர். ஒருவரும் ஏறாத சிகரத்துக்குச் சமவெளியிலிருந்து கணக்கிட்ட உயரம் அது.

எனினும் எந்த விதியாலும் செய்ய முடியாத வேலை ஒன்று உண்டு. தரப்பட்ட அளவுகளிலிருந்து விடை காண்பதே விதிகளின் வேலை; தரப்பட்ட அளவுகளே சரியானவைதாமா என்பதை அவை சொல்லா. சங்கிலி சூட்டில் நீண்டிருந்தாலும், கருவியின் கண்ணாடியில் பார்வை சற்றே விலகியிருந்தாலும், சைன் விதி அந்தப் பிழையையும் அதே நேர்மையோடு அடுத்த முக்கோணத்துக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும். அதனால் லாம்டன் 1804இல் பெங்களூரை அடைந்தபோது, அங்கே இரண்டாவதாக ஓர் அடிக்கோட்டைத் தேர்ந்தெடுத்து, சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கின்படி அதன் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்ததோடு, அதே கோட்டை மறுபடியும் சங்கிலியால் தரையிலும் அளந்தார். குன்றுகளும் காடுகளும் ஆறுகளும் இடையில் கிடந்த அந்த நெடுந்தொலைவைக் கடந்து வந்த எண்ணுக்கும், தரையில் கிடைத்த எண்ணுக்கும் இடையே இருந்த வேறுபாடு நான்கு அங்குலத்துக்கும் குறைவு.